பச்சை ரத்தம்

(பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அப்பா அம்மாவோடு வந்து கடைசி வரிசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

கடைசி வரிசையைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வன்முறை வீடியோ கேம்களை அரசு தடை செய்யலாமா?’ முப்பது வருஷமாக இதைப் பற்றி அமைச்சர்கள் பேசிவிட்டார்கள், நீதிபதிகள் பேசிவிட்டார்கள், டாக்டர்கள் பேசிவிட்டார்கள். விளையாடுகிறவனைக் கேட்டவர்கள் குறைவு. நானும் கேட்டதில்லை, போன மே மாத லீவு வரைக்கும்.

லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து பேரன் வந்திருந்தான். பன்னிரண்டு வயது. மத்தியானம் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நாற்பது வருஷம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த எனக்கு, இவனையும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அப்படி என்னதான்டா இருக்கு இதுல? எனக்கும் சொல்லிக்கொடு” என்றேன். திட்டு விழும் என்று காத்திருந்தவன் சந்தேகமாக என்னைப் பார்த்துவிட்டு, அவன் அம்மாவின் பழைய போனை என் கையில் வைத்தான்.

பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. சுருக்கமாக பிஜிஎம்ஐ. பழைய பப்ஜிதான், இந்தியாவுக்காகச் சட்டை மாற்றியது. நூறு பேர் ஒரு விமானத்தில் ஏறுகிறார்கள். வெறுங்கையோடு பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். காலி வீடுகளில் புகுந்து துப்பாக்கி, தோட்டா, ஹெல்மெட், மருந்துப் பெட்டி என்று கிடைத்ததை வாருகிறார்கள். அதற்கு ‘லூட்’ என்று பெயர். நேரம் ஆக ஆக ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்கு ‘ஜோன்’. வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் கரையும். உள்ளே போனால் எவனாவது சுடுவான். கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு ஜெயம்.

நான் குதித்தேன். ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டு நின்றபோது யாரோ சுட்டுவிட்டார்கள். “பாட்டி, நீங்க நாக்! அசையாதீங்க, நான் வந்து ரிவைவ் பண்றேன்!” என்று அவன் பதறினான். எங்கேயோ மலைமேல் இருந்தவன், குண்டு பறக்கும் வெட்டவெளியில் ஓடி வந்தான். என் பக்கத்தில் மண்டியிட்டு என்னை எழுப்பினான். எழுப்பும்போதே அவனும் சுடப்பட்டான். இருவரும் செத்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வருத்தம். “உங்களை விட்டுட்டு ஜோனுக்குள்ள போயிருக்கணும். மனசு வரல” என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். “ஏன்டா ரத்தம் பச்சையா இருக்கு?”

“இது இந்தியா கேம் பாட்டி. சிவப்பா இருந்தா கவர்மென்ட் மூடிடும்ல?”

இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பச்சை ரத்தத்தைப் பற்றித்தான்.

*

இந்த விவாதம் நம் நாட்டில் பெரிதாக வெடித்தது 2019-இல். அந்த ஜனவரியில் டெல்லியில் மாணவர்களோடு பிரதமர் உரையாடியபோது, மகன் ஆன்லைன் கேமிலேயே இருக்கிறான் என்று ஒரு தாய் முறையிட்டார். “பப்ஜி ஆடுகிறவனா?” என்று பிரதமர் கேட்க, அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கி ஆறு வாரம் ஆகவில்லை, குஜராத்தில் ராஜ்கோட் போலீஸ் கமிஷனர் பப்ஜிக்குத் தடை போட்டார். மார்ச் 9 முதல் ஏப்ரல் 30 வரை. பரீட்சைக் காலம். குஜராத்தின் வேறு சில நகரங்களும் அதே வழியில் போயின.

எந்தச் சட்டத்தில் தடை? குற்றவியல் நடைமுறைச் சட்டம், 144-ஆவது பிரிவு. கலவரம் வரப்போகிறது, கும்பல் கூடுகிறது என்றால் எடுக்கிற ஆயுதம். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 163-ஆவது பிரிவாக இருக்கிறது. ஊர்வலத்தை நிறுத்த எழுதிய பிரிவை, டீக்கடை பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையன் மேல் பாய்ச்சினார்கள். ஒரு வாரத்துக்குள் பத்து இளைஞர்கள் கைதானார்கள். பலர் கல்லூரி மாணவர்கள். போலீஸ் பக்கத்தில் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று அதிகாரி ஒருவரே பத்திரிகைகளிடம் சொன்னார். யோசித்துப் பாருங்கள். தங்களைப் பிடிக்க வருகிறவர்களையே கவனிக்காதவர்களால் பொது அமைதிக்கு என்ன ஆபத்து?

அதே ஏப்ரலில் நேபாளம் நாடு முழுக்கத் தடை செய்தது. இரண்டு வாரத்துக்குள் அங்கே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இராக் நாடாளுமன்றமும் தடை செய்தது. 2020 ஜூலையில் பாகிஸ்தான் தடை செய்தது, அந்த மாதம் முடிவதற்குள் விலக்கிக்கொண்டது. ஏறக்குறைய எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பிள்ளைகள் கெடுகிறார்கள்.

பிறகு நம் நாட்டின் பெரிய தடை வந்தது. 2020 செப்டம்பர் 2. நினைவிருக்கிறதா? ஊரடங்கு காலம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பாடம் போனில் நடந்ததால், அதுவரை போன் தராத வீடுகளில்கூடப் பிள்ளை கைக்குப் போன் போயிருந்தது. அன்றைக்கு 118 செயலிகளைத் தடை செய்தார்கள், அதில் பப்ஜி ஒன்று. எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடி அம்மா கேசரி பாத் செய்து வீடு வீடாகக் கொடுத்தார். “பையன் இனிமேல் படிப்பான்” என்றார். கேசரி பாத் பிரமாதம். காரணம் மட்டும் தப்பு.

ஏன் தப்பு? அந்த உத்தரவு பிறந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில். அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, இவற்றைக் குலைக்கும் குற்றங்களுக்குத் தூண்டுதல். இவ்வளவுதான் இருக்கிறது. குழந்தை என்ற சொல் இல்லை. வன்முறை, போதை, படிப்பு எதுவும் இல்லை. சீன எல்லையில், கல்வானில் நம் வீரர்கள் உயிர்விட்ட இரண்டரை மாதத்தில், பயனர்களின் தகவல்கள் நாட்டுக்கு வெளியே போகின்றன என்ற புகாரின் பேரில் வந்த தடை அது. பப்ஜியின் சொந்தக்காரர் தென்கொரிய நிறுவனம். மொபைல் பப்ஜியை இங்கே நடத்தியது சீனாவின் டென்சென்ட். பிரச்சினை அங்கே இருந்தது. துப்பாக்கியில் இல்லை.

ஆகவே அரசு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது, மூன்றாவது மாடி அம்மா வேறொரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது. நான் சொல்ல வந்தது இந்த வசதியைத்தான். தடை வந்ததும் எல்லோரும் கலைந்து போய்விடுகிறோம். அரசு கடமையைச் செய்துவிட்டது, பெற்றோருக்கு நிம்மதி, கம்பெனி புதுப் பெயர் தேடப் போய்விடுகிறது. பேச வேண்டிய பேச்சு பேசாமலே கிடக்கிறது.

*

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகன். 2020-இல் அவனுக்குப் பத்து வயது. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிப் போன் எடுத்துக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் பப்ஜி. செப்டம்பரில் பப்ஜி போயிற்று. சில நாளில் ஃப்ரீ ஃபயருக்கு மாறினான். ஏறக்குறைய அதே ஆட்டம்: தீவு, பாராசூட், துப்பாக்கி. 2021 ஜூலையில் டென்சென்ட்டை விலக்கிவிட்டு பப்ஜி பிஜிஎம்ஐயாகத் திரும்பியது. அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால். 2022 பிப்ரவரி 14-இல் ஃப்ரீ ஃபயர் தடை. ஆனால் அதன் தம்பியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கடையிலேயே இருந்தது! அதே கம்பெனி, அதே ஆட்டம், படம் இன்னும் கொஞ்சம் துல்லியம். அதற்குப் போனான். 2022 ஜூலை 28-இல் பிஜிஎம்ஐ கடைகளிலிருந்து காணாமல் போனது. பத்து மாதம் கழித்து, 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு திரும்பி வந்தது. இவ்வளவு தடைக்கும் நடுவில் அந்தப் பையன் ஒரு சாயங்காலம்கூட விளையாடாமல் இருந்ததில்லை என்று அவன் அம்மா சொல்கிறார்.

பிஜிஎம்ஐ ஏன் மறைந்தது, ஏன் வந்தது? முழுக் காரணம் பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. 69ஏ பிரிவின் கீழ் 2009-இல் எழுதிய விதிகளில் 16-ஆவது விதி ரகசியம் காக்கச் சொல்கிறது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்று சொன்னபோது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதையும் ஒரு பாதுகாப்பாக எடுத்துக் காட்டியது. எழுதுகிறார்கள். எழுதிப் பூட்டி வைக்கிறார்கள்.

2021-இல் பிஜிஎம்ஐயாகத் திரும்பி வந்த ஆட்டம் என்ன வேஷத்தில் வந்தது? ரத்தம் பச்சை. ‘கில்’ என்ற சொல் ‘ஃபினிஷ்’ ஆனது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் செலவுக்கும் வரம்பு உண்டு. எவ்வளவு தெரியுமா? நாளைக்கு 7,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, நாளைக்கு! அந்தப் பையனின் அம்மா ஒரு வீட்டில் மூன்று மாதம் பாத்திரம் தேய்த்தால் வருகிற பணம். ரத்தத்தின் நிறம் பற்றி நாமெல்லாம் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது, பாதுகாப்பு என்ற பெயரில் இந்த எண் நம் கண்முன்னால் நுழைந்து போயிருக்கிறது.

பச்சை ரத்தம் ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. 1997-இல் கார்மகெடான் என்ற ஆட்டம், காரை ஏற்றி ஆட்களைக் கொல்வது, பிரிட்டனில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. கம்பெனிக்காரர்கள் ஆட்களைப் பச்சை ரத்தம் கொண்ட ஜோம்பிகளாக மாற்றிக் கடைக்கு அனுப்பினார்கள். ஜெர்மனிக்கு ரோபோக்கள், ரத்தத்துக்குப் பதில் கறுப்பு எண்ணெய். பிரிட்டனில் மேல்முறையீடு ஜெயித்து, சிவப்பு ரத்தம் மறுபடி வந்தது. ஆட்டம் எல்லா நிறத்திலும் ஒன்றுதான். இருபத்து நாலு வருஷம் கழித்து அதே பச்சைச் சாயத்தை நாம் வாங்கியிருக்கிறோம்.

*

சரி, இந்த ஆட்டங்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்குகின்றனவா? கேள்வியைத் தட்டிக் கழிக்க மாட்டேன். 2019 செப்டம்பரில் நம் மாநிலத்தில், பெலகாவி பக்கம் காகதியில், போன் விளையாட்டைக் கண்டித்த தகப்பனை மகன் கொன்றதாகச் செய்தி வந்தது. படித்தவர்களுக்கு ராத்திரி தூக்கம் போயிருக்கும். எனக்குப் போனது.

ஆனால் ஒரு கொடுமையை வைத்துக் காரணம் சொல்வதில் நமக்கு அனுபவம் உண்டு. 2017-இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிற இணைய விளையாட்டு என்று ‘புளூ வேல்’ பற்றி ஒரு பீதி. மதுரையில் ஒரு மாணவரின் மரணத்தோடு அதைச் சேர்த்துப் பேசினார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, மத்திய அரசு இணைப்புகளை நீக்கச் சொன்னது, பள்ளிகள் சுற்றறிக்கை விட்டன. சில மாதம் கழித்து அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன பதில்: அந்த விளையாட்டால் யாரும் இறந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பீதிக்குக் கிடைத்த பத்தியில் கால்வாசிகூட அந்தப் பதிலுக்குக் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அமெரிக்க உளவியல் சங்கம் 2015-இல் ஒரு குழு வைத்துப் பார்த்தது, 2020-இல் தன் தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டது. வன்முறை ஆட்டங்களுக்கும், கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது. கொலை, துப்பாக்கிச் சூடு போன்றவற்றை அவற்றின் தலையில் கட்டுவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்களைப் பெற்றவர்களையும் கேட்டார்கள். முரட்டுத்தனத்தோடு தொடர்பே தென்படவில்லை. ஆக, ஒரு பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்கிறது, ஒரு பக்கம் இல்லை என்கிறது. ‘கொலைகாரன் ஆவான்’ என்று இரண்டு பக்கமும் சொல்லவில்லை.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். இந்த அரங்கில் எத்தனை பெற்றோருக்கு, என் பிள்ளை யாரையாவது சுட்டுவிடுவானோ என்று பயம்? ஒரு கையும் எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை, தூங்குவதில்லை, போனைப் பிடுங்கினால் கதவை அறைகிறான். இந்தப் புகார் எத்தனை பேருக்கு? ... பாருங்கள், தலைவர்கூடக் கை தூக்கிவிட்டார்.

நம் உண்மையான புகார் அதுதான். அதற்கு உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்திருக்கிறது: விளையாட்டுக் கோளாறு. 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவது, பொதுவாக ஒரு வருஷமாவது இது நீடிப்பது. அந்த வரையறையில் துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. மிட்டாயை வரிசையாக அடுக்குகிற ஆட்டத்திலும் ஒருவர் இப்படி மாட்டலாம். இதற்கென்றே நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014-இல் ‘ஷட்’ கிளினிக் என்று ஒன்றைத் தொடங்கியது. தடை பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தோம்?

*

சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம், என் தொழில் அது.

கலிபோர்னியா மாகாணம் 2005-இல், கொடூரமான வீடியோ கேம்களைப் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் செய்தது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. கிரிம் சகோதரர்களின் குழந்தைக் கதைகளிலேயே இல்லாத கோரமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லேலண்ட் யீ பிறகு ஆயுதக் கடத்தல் சம்பந்தப்பட்ட வழக்கில் சிக்கிச் சிறை போனார் என்பது உபகதை. நிஜத் துப்பாக்கிகள்!

கிரிம் கதைகளுக்குப் போவானேன்? நம்மிடம் கலிங்கத்துப்பரணி இருக்கிறது. போர்க்களத்தில் பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறுகிற பகுதியைக் கல்லூரியில் பாடமாகவே படித்தோம். அதைப் படித்து எந்த மாணவனும் கெட்டதாகப் புகார் வந்ததில்லை. ஆனால் இந்த வாதத்தோடு நிற்கவும் எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. படிப்பது வேறு, விரலால் அழுத்திச் சுடுவது வேறு. ஜெயங்கொண்டார், ‘இன்னும் ஒரே ஒரு தாழிசை, இதை முடித்தால் உனக்குப் புதுச் சட்டை’ என்று யாரையும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைத்ததில்லை.

நமக்கு அருகிலேயே அளவுகோல் ஒன்று இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம். இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. படம் வந்தால் கலவரம் வரும் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்தை விடுவித்தது. தீர்ப்பை எழுதியவர் நம் கர்நாடகத்து நீதிபதி ஜகந்நாத ஷெட்டி. அதன் சாரம்: எங்கோ எப்போதோ ஆபத்து வரலாம் என்பது போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் பொறி விழுவது மாதிரி நேரடியான, உடனடியான தொடர்பு வேண்டும். ராஜ்கோட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்துப் பேர் பக்கத்தில் பீப்பாய் எங்கே?

அதே சமயம் சினிமாவுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. ‘ஏ’ என்று போட்டால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும், தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். வீடியோ கேமுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு வாசலும் இல்லை, கிழிப்பவரும் இல்லை. ஒரு பெட்டி கேட்கிறது: உனக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா? என் பேரன் என் கண் முன்னால், என் மடியில் சாய்ந்துகொண்டே, ‘ஆம்’ என்று தட்டினான். “பொய்டா” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் பாட்டி போடுவாங்க” என்றான்.

அரசுகள் அதிகம் மோதியது வேறொரு பக்கம்: பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள். ஃப்ரீ ஃபயர் தடை வந்த அதே 2022 பிப்ரவரி 14 அன்று, நம் கர்நாடக உயர் நீதிமன்றம் பண ஆட்டங்களுக்கு எதிரான மாநிலச் சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் ரம்மியைச் சுற்றிச் சட்டமும் வழக்குமாக வருஷங்கள் ஓடின. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பண ஆட்டங்களை முழுக்கத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிப்போம் என்கிறது. கவனியுங்கள்: ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை மறைந்த ஒரு ஆட்டம், இன்றைக்குப் போட்டி, பரிசு, மேடை என்று விளையாட்டு அந்தஸ்தில் நிற்கிறது. கர்நாடக அரசே அனிமேஷனையும் கேமிங்கையும் வளர்க்கக் கொள்கை வைத்திருக்கிறது. இந்த ஊரில் அதை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. தப்பு என்று சொல்லவில்லை. மூடவும் நாமே, முதலீடு அழைக்கவும் நாமே என்றால், எதை எதற்காக மூடினோம் என்ற கணக்காவது தெளிவாக இருக்க வேண்டாமா?

*

இதையெல்லாம் நான் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஐந்து வீட்டு அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீங்க பேரனோட உக்காந்து ஆடுறீங்கம்மா. எனக்கு ஏது நேரம்? கவர்மென்ட் மூடிட்டா எனக்கு நிம்மதிதானே?”

என் நாற்பது வருஷ அனுபவத்தில் எதிர்த்தரப்பிலிருந்து இப்படி ஒரு வாதம் வந்ததில்லை. ‘பெற்றோர் கவனிக்க வேண்டும்’ என்று மேடையில் சொல்வது, கவனிக்க நேரம் இருப்பவர்களின் அறிவுரை. அவர் கேட்டது நியாயம். நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: “மூடினாங்களே, மூணு தடவை. நிம்மதி வந்துச்சா?” அவர் யோசித்தார். “அந்த மொத வாரம் வந்துச்சும்மா” என்றார்.

அந்த ஒரு வாரத்தை எப்படி நீட்டிப்பது? இங்கேதான் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் ஞாபகம் வருகிறது. 1898-இல் பெங்களூருக்கு பிளேக் வந்தது. அரசு முதலில் செய்தது தடைகள்: நோயாளியைப் பிரித்தார்கள், வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள், முகாமுக்கு அனுப்பினார்கள். அவசரத்துக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் நெரிசலான கன்டோன்மென்ட் பகுதியைத் தளர்த்தியது முகாம் இல்லை. புதிதாக அளந்து போட்ட தெருக்கள், சாக்கடை, காற்று வரும் வீடுகள். அப்படி எழுந்ததுதான் 1910 வாக்கில் உருவான இந்த பிரேசர் டவுன். பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டுவர்ட் ஃபிரேசரின் பெயர், இப்போது புலிகேசி நகர். கோல்ஸ் ரோட்டிலும் பிராமனேட் ரோட்டிலும் நாம் நடக்கிற அகலம், யாரோ தடையோடு நின்றுவிடாததால் கிடைத்த அகலம்.

வாதத்தை முடிக்கு முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, மூடுவதானால் காரணத்தைச் சொல்லி மூடுங்கள். தகவல் திருட்டு என்றால் அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளின் மனநலம் என்றால் அதைச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் ஒருவர் கோர்ட்டுக்குப் போக முடியும், கம்பெனி திருந்த முடியும், அம்மாவுக்கும் எதை நம்பலாம் என்று தெரியும்.

இரண்டு, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். போலீஸ் வேண்டாம். சினிமாவுக்கு இருப்பது மாதிரி, வயது என்ன, ஏன் என்று தாய்மொழியில் சொல்லும் ஒரு குறியீடு. அதில் ரத்தத்தின் நிறத்தைவிட முக்கியமாக, இந்த ஆட்டம் பிள்ளையைப் பிடித்து வைக்க என்ன செய்கிறது, எவ்வளவு பணம் கேட்கிறது என்பது இருக்கட்டும். 7,000 ரூபாயை வரம்பு என்று எழுதியவர்கள் அதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். வேண்டுமென்றால் பெற்றவர் ஏற்றிக்கொள்ளட்டும். ஐந்து வீட்டு அம்மாவுக்கு நேரம் இல்லாதபோதும் அது அவருக்காகக் காவல் நிற்கும்.

மூன்று, பையனுக்கு இன்னொரு தீவு கொடுங்கள். நூறு பேர் குதித்து ஓடுவதற்கு அவன் போனுக்குள் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் தீவு இருக்கிறது. வெளியே வந்தால் தெருவில் பார்க்கிங், பூங்காவில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற போர்டு. அதுவும் ஒரு தடைதான். அதைப் போட்டது நாம்.

ஒரு நிமிஷம், முடித்துவிடுகிறேன்.

லீவு முடிந்து ஊருக்குப் போகும்போது பேரனிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். உண்மையான வயதைப் போட வேண்டும், பெரியவர் நம்பர் என்று கேட்கும் இடத்தில் என் நம்பரைக் கொடுக்க வேண்டும், ஆடி முடித்ததும் வெளியேறிவிட வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். போன வாரம் மேயோ ஹால் கோர்ட் வராந்தாவில் ஒரு கட்சிக்காரரோடு நின்றுகொண்டிருந்தேன். போனில் ஓடிபி வந்தது. அடுத்த நொடி அவன் அழைப்பு. “பாட்டி, நம்பர் சொல்லுங்க, சீக்கிரம், ஸ்குவாட் வெயிட் பண்றாங்க.”

“ஹோம்வொர்க்?”

“முடிச்சிட்டேன். கணக்கு மட்டும் பாக்கி.”

“எத்தனை மேட்ச்?”

“மூணு.”

“ரெண்டு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, ரெண்டு. ஆனா நீங்க சனிக்கிழமை வரணும். இந்தத் தடவை கதவைத் திறக்கக் கத்துக்கணும்” என்றான். எண்ணைச் சொன்னேன். மூன்றாவது மேட்ச் ஆடினானா என்று நான் விசாரிக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டாவது கூப்பாட்டில் எழுந்து வந்தானாம், அவன் அம்மா சொன்னாள். நாலிலிருந்து இரண்டு.